டிபிடி டாக்ஸ்: இன்றைய ஆவணம் உடனே கிடைக்கும், நேற்றையது கிடைக்காது

தணிக்கைக்கு வருபவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மார்ச் மாத அறிக்கையில் நிகர வருமானம் என்று ஒரு புலம் இருக்கிறதே, அன்றைக்கு அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" இன்றைய வரையறையை எடுத்துக் காட்டினால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தரவு ஒருங்கிணைப்பு மென்பொருள்களில் ஆவணம் தயாரிக்கும் பொத்தான் இல்லாதது குறைவு. இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தருவதும் குறைவுதான். டிபிடி கோர் மென்பொருளோடு இலவசமாக வரும் ஆவண வசதியை இந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

டிபிடி தரவைக் கொண்டுவந்து இறக்கும் கருவி அல்ல. வேர்ஹவுஸில் (நிறுவனத்தின் மையத் தரவுக் கிடங்கில்) ஏற்கெனவே இறங்கிய தரவை அங்கேயே எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழி கொண்டு மாற்றி அமைக்கும் கருவி. ஒவ்வொரு மாடலும், அதாவது ஒரு டேபிளை உருவாக்கும் வரையறையும், ஓர் எஸ்க்யூஎல் கோப்பு; அதன் விளக்கம் பக்கத்திலேயே யாம்ல் என்ற அமைப்புக் கோப்பில் இருக்கும். இரண்டும் வெறும் உரைக் கோப்புகள் என்பதால் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். டிபிடியின் ஆவண வசதிக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி உண்மையில் இந்த அமைப்புக்குப் போகவேண்டியது.

வேலை ஒரே கட்டளையில் முடியும்: டிபிடி டாக்ஸ் ஜெனரேட். ஓடி முடிந்ததும் டார்கெட் கோப்புறையில் மூன்று முக்கியக் கோப்புகள் இருக்கும். மேனிஃபெஸ்ட் ஜேசன் என்பது திட்டத்தின் முழு வரைபடம்: மாடல்கள், மூலங்கள், சோதனைகள், மேக்ரோக்கள் (திரும்பத் திரும்பப் பயன்படும் நிரல் துண்டுகள்), நீங்கள் எழுதிய விளக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். கேட்டலாக் ஜேசன் என்பது வேர்ஹவுஸைக் கேட்டு வாங்கிய தகவல்: எந்த டேபிளில் என்னென்ன புலங்கள், அவற்றின் வகை என்ன, டேபிளின் உரிமையாளர் யார் என்பது. மூன்றாவது இண்டெக்ஸ் எச்டிஎம்எல்; முதல் இரண்டையும் படித்துத் திரையில் காட்டும் தளம். முதல் இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இண்டெக்ஸ் எச்டிஎம்எல். அதை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பக்கம் எதையும் காட்டாமல் நிற்கும். பிரவுசர் வட்டிலுள்ள ஒரு கோப்பைத் திறக்கும்போது, பக்கத்திலுள்ள ஜேசன் கோப்புகளைப் படிக்கப் பாதுகாப்பு விதி விடாது. அதனால்தான் டிபிடி டாக்ஸ் சர்வ் என்ற கட்டளை இருக்கிறது; 8080 போர்ட்டில் ஒரு சின்ன சர்வரைக் கிளப்பும். அந்தப் போர்ட்டை வேறு ஏதாவது பிடித்துக்கொண்டிருந்தால் --போர்ட் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கணினியில் பார்த்துக்கொள்ள இது போதும். நிறுவனம் முழுவதற்கும் திறந்துவிட இதை நம்பவேண்டாம்.

1.7 பதிப்பில் வந்த --ஸ்டேட்டிக் ஃபிளாக் இந்தத் தொல்லையை ஒழித்தது. அதைச் சேர்த்து ஓட்டினால் ஸ்டேட்டிக்_இண்டெக்ஸ் எச்டிஎம்எல் என்று கூடுதலாக ஒரு கோப்பு வரும். மேனிஃபெஸ்டும் கேட்டலாகும் அதற்குள்ளேயே புதைந்திருக்கும். மின்னஞ்சலில் அனுப்பலாம், பகிர்வு வட்டில் போடலாம், சொடுக்கினால் திறக்கும். ஆவணத்தை வெளியே எடுப்பது என்று பார்த்தால், டிபிடி தரும் ஒரே முழுமையான வழி இதுதான். 1.7-க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே மேம்படுத்தலாம் என்பது எங்கள் கருத்து.

இனி கேட்டலாக். "கட்டளை பிழையில்லாமல் ஓடியது, ஆனால் புலங்களின் வகை வரவில்லை" என்ற புகாருக்கு அநேகமாக மூன்று காரணங்கள். ஒன்று, அந்த மாடல் வேர்ஹவுஸில் இன்னும் கட்டப்படவே இல்லை. டாக்ஸ் ஜெனரேட் மாடல்களைக் கம்பைல் செய்யுமே தவிரக் கட்டாது. ஆகவே முதலில் டிபிடி பில்ட், பிறகுதான் டாக்ஸ். இரண்டு, ஓட்டும் கணக்குக்கு அந்த ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பில்) அனுமதி இல்லை. டேபிள்களைப் பட்டியலிடும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா உங்களுக்கு அனுமதி உள்ளதை மட்டும்தான் காட்டும், இல்லாததைப் பற்றி மூச்சுவிடாது. அதனால் பிழைச்செய்தியே வராமல் டேபிள் மறைந்துபோகும். மூன்று, அது எபிமெரல் மாடல். அது வேர்ஹவுஸில் எந்த உருவமும் எடுக்காமல் அடுத்த மாடலின் எஸ்க்யூஎல்லுக்குள் கரைந்துவிடுவதால் கேட்டலாகில் இருக்கவே இருக்காது. இது பிழை அல்ல.

இவற்றைவிட மோசமானது, ஆவணம் பார்க்கச் சரியாக இருந்து உள்ளே தவறாக இருப்பது. சொந்த மேம்பாட்டுச் சூழலில் டாக்ஸ் ஓட்டி அதை அப்படியே வெளியிட்டால், ஒவ்வொரு டேபிளின் பெயரும் உங்கள் சொந்த ஸ்கீமாவின் பெயரோடு வெளியாகும். --டார்கெட் ப்ராட் (ப்ராட் என்பது உண்மையான பயன்பாட்டுச் சூழல்) என்று எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள். இயல்பு அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். இன்னொன்று பேய்ப்புலம். எஸ்க்யூஎல்லிலிருந்து ஒரு புலத்தை எடுத்துவிட்டு யாம்லில் அதன் விளக்கத்தை எடுக்க மறந்தால், டிபிடி எந்த எச்சரிக்கையும் தராது. இல்லாத புலம் விளக்கத்தோடு தளத்தில் தொடர்ந்து வாழும். வகைக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். 1.5-இல் வந்த மாடல் ஒப்பந்த வசதியை அந்த மாடலுக்கு இயக்கினால், யாம்லும் எஸ்க்யூஎல்லும் பொருந்தாதபோது கட்டும் வேலையே நின்றுவிடும். வெளியாட்கள் பயன்படுத்தும் மாடல்களுக்காவது இதை இயக்கிவைப்பது நல்லது. எல்லா மாடலுக்கும் போட்டால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இரண்டு கோப்புகளைத் தொட்டே கை ஓய்ந்துவிடும்.

விளக்கம் எழுதும் முறைக்கு வருவோம். இதில் டிபிடி உண்மையிலேயே கெட்டிக்காரன். டிபிடி லேப்ஸின் பழைய ஜாஃபிள் ஷாப் மாதிரித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர்ஸ் மாடலில் ஸ்டேட்டஸ் என்று ஒரு புலம். அதில் வரக்கூடிய மதிப்புகள் ஐந்து: ஆர்டர் வந்தது, அனுப்பியாயிற்று, வாடிக்கையாளர் பெற்றார், திருப்ப விரும்புகிறார், திரும்பி வந்தது. இந்த ஐந்தையும் யாம்லில் ஒரே வரியில் திணிக்காமல், தனி மார்க்டவுன் கோப்பில் டாக்ஸ் என்ற ஜிஞ்சா (வார்ப்புரு மொழி) தொகுதிக்குள் ஓர் அட்டவணையாக எழுதி, ஆர்டர்ஸ்_ஸ்டேட்டஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாம்லில் விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தப் பெயரை டாக் என்ற அழைப்புக்குள் கொடுத்தால் போதும். ஸ்டேஜிங் (மூலத் தரவைச் சுத்தப்படுத்தும் முதல் கட்ட) மாடலில் அதே புலம் வந்தால் அங்கேயும் அதே பெயரைக் கொடுக்கலாம். வரையறை ஓரிடத்தில் மாறினால் எல்லா இடத்திலும் மாறும். தொகுதியின் பெயர் திட்டத்துக்குள் ஒரே ஒரு முறைதான் வரலாம் என்பதால், ஸ்டேட்டஸ் என்று மொட்டையாக வைக்காமல் மாடலின் பெயரையும் சேர்த்து வைப்பது பின்னால் உதவும். தளத்தின் முகப்பை மாற்றவும் இதே முறைதான்: முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்டு ஓவர்வியூ என்று பெயர் வைத்த தொகுதி, டிபிடியின் இயல்பான வரவேற்புப் பக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படங்கள் வேண்டுமானால் திட்ட அமைப்பில் அசெட்-பாத்ஸ் கொடுங்கள். டாக்ஸ் ஓடும்போது அந்தக் கோப்புறை டார்கெட்டுக்கு நகலாகும்.

தளத்தின் மற்ற அம்சங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேடல் வேலை செய்கிறது. வரைபடம் சில டஜன் மாடல்கள் வரை அழகு. சில நூறு ஆனதும் சிலந்திவலை. கீழேயுள்ள தேர்வுப் பெட்டியில் பெயருக்கு முன்னும் பின்னும் கூட்டல் குறியிட்டு ஒரு மாடலின் சுற்றத்தை மட்டும் பார்க்கலாம். வரைபடத்தின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்தால் பிஎன்ஜி படமாக எடுத்துக்கொள்ளலாம். மாடலிலிருந்து மாடலுக்கான ஓட்டம் மட்டும்தான் தெரியும். புலத்திலிருந்து புலத்துக்கான ஓட்டம் இதில் இல்லை. தளம் எழுதப்பட்டிருப்பது ஆங்குலர்ஜேஎஸ்ஸில். அந்தச் சட்டகத்துக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புச் சோதனை நடத்தும் அணி இதை நிச்சயம் கேட்கும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறோம். டிபிடி தளத்துக்கு நிகழ்காலம் மட்டும்தான் உண்டு. முந்தைய வெளியீட்டுக்குப் போகும் பட்டியல் இல்லை, இரண்டு வெளியீடுகளை ஒப்பிடும் பக்கம் இல்லை, ஏன், இந்தப் பக்கம் எந்தக் கிட் கமிட்டிலிருந்து (பதிவு செய்த மாற்றத்திலிருந்து) வந்தது என்று காட்டும் ஒரு வரிகூட இல்லை. டேலண்ட் என்ற தரவு ஒருங்கிணைப்புக் கருவியில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது உறுத்தும். அங்கே ஒவ்வொரு ஜாபுக்கும் (தரவை நகர்த்தும் வேலைக்கும்) சொந்தப் பதிப்பு எண் உண்டு, 0.1-இல் தொடங்கி, பெரிய எண்ணை ஏற்ற ஒரு பொத்தான், சிறிய எண்ணை ஏற்ற ஒரு பொத்தான். ஜாபின் மேல் வலச்சொடுக்கு செய்து எச்டிஎம்எல் ஆவணமாகத் தயாரிக்கச் சொன்னால், வடிவமைப்பின் படத்தோடு ஒரு ஸிப் கோப்பு கிடைக்கும். உங்கள் நிறுவனத்தின் சிஎஸ்எஸ்ஸையும் அதற்குக் கொடுக்கலாம். ஜாபுகளுக்கு இடையிலான ஓட்டத்தைப் பார்க்க அது அவ்வளவாக உதவாது. ஆனால் "0.3-இன் ஆவணம் எங்கே" என்று கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது. டேலண்ட் ஓப்பன் ஸ்டூடியோ 2024 ஜனவரி 31-உடன் நிறுத்தப்பட்டபின் மாற்றுத் தேடியவர்கள் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்க அணிகள் செய்யும் முதல் முயற்சி, டார்கெட் கோப்புறையைக் கிட்டில் போடுவது. செய்யாதீர்கள். மேனிஃபெஸ்டில் உருவாக்கிய நேரமும் ஓட்டத்தின் அடையாள எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறும். ஒவ்வொரு மாடலுக்கு உள்ளேயும் ஒரு நேர முத்திரை உண்டு. சில வேர்ஹவுஸ்களில் வரிசைகளின் எண்ணிக்கையும் டேபிளின் அளவும் கேட்டலாகில் ஏறும். அவை தினமும் மாறும். ஓர் எழுத்துகூட மாறாத நாளிலும் கிட் ஆயிரக்கணக்கான வரிகளை மாற்றமாகக் காட்டும். ஐந்தே மாடல் கொண்ட ஜாஃபிள் ஷாப்பின் மேனிஃபெஸ்டில்கூட டிபிடியின் சொந்த மேக்ரோக்கள் நூற்றுக்கணக்கில் அடைந்திருக்கும். பெரிய திட்டங்களில் இந்தக் கோப்பு பத்து மெகாபைட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தினம் ஒரு முறை கமிட் செய்தால் ரெப்போ என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது முயற்சி புத்திசாலித்தனமாகத் தெரியும்: "மூலக் கோப்புகள்தான் கிட்டில் இருக்கின்றனவே, தேவைப்படும்போது பழைய டேகுக்கு, அதாவது பழைய வெளியீட்டுக்குக் கிட்டில் இட்ட பெயருக்கு, போய் டாக்ஸை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்." இது பாதி உண்மை, அதனாலேயே அதிகம் ஏமாற்றும். பழைய டேகிலிருந்து ஓட்டினால் விளக்கங்களும் எஸ்க்யூஎல்லும் மார்ச் மாதத்துடையவை. கேட்டலாக் இன்றைய வேர்ஹவுஸிலிருந்து வருவது. ஏப்ரலில் சேர்த்த புலம் மார்ச் ஆவணத்தில் தெரியும். மே மாதம் நீக்கிய டேபிள் அதில் இருக்காது. டிபிடியும், அதை வேர்ஹவுஸோடு இணைக்கும் அடாப்டரும் இன்றைய பதிப்பாக இருந்தால் கம்பைல் ஆன எஸ்க்யூஎல்லும் அன்று ஓடியதாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. தணிக்கையாளரிடம் இப்படி ஓர் ஆவணத்தைக் கொடுப்பதைவிட, இல்லை என்று சொல்லிவிடுவது மேல்.

சரியான வழி, வெளியீடு நடக்கும் கணத்திலேயே ஆவணத்தை உறைய வைப்பது. ப்ராட் ஓட்டம் வெற்றிகரமாக முடிந்தபின், அதே சிஐ (தானியங்கிக் கட்டுமான) வேலையில், அதே கமிட்டிலிருந்து --டார்கெட் ப்ராட் --ஸ்டேட்டிக் இரண்டும் சேர்த்து டாக்ஸை ஓட்டுங்கள். டேகின் பெயரும் கமிட்டின் முதல் ஏழு எழுத்துகளும் கொண்ட ஒரு கோப்புறையை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கிளவுட் கோப்புச் சேமிப்பில்) உருவாக்கி, ஸ்டேட்டிக்_இண்டெக்ஸ், மேனிஃபெஸ்ட், கேட்டலாக் மூன்றையும் அதில் போடுங்கள். மனிதர்கள் படிக்க முதலாவது, கருவிகள் ஒப்பிட மற்ற இரண்டும். லேட்டஸ்ட் என்ற கோப்புறைக்கு ஒரு நகலை மேலெழுதுங்கள். தினசரிப் பயனர்களுக்கு அந்த முகவரியை மட்டும் கொடுங்கள். டேகின் பெயரிலுள்ள கோப்புறைகளை யாரும் மேலெழுத முடியாதபடி ஸ்டோரேஜ் அனுமதியிலேயே பூட்டிவிடுங்கள். மேலெழுத முடிகிற பழைய பதிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஸ்டேட்டிக் கோப்பை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேனிஃபெஸ்டின் உள்ளமைப்புக்கே பதிப்பு எண் உண்டு: டிபிடி 1.5-இல் 9, 1.6-இல் 10, 1.7-இல் 11, 1.8-இல் 12. ஜேசனை மட்டும் சேமித்துவைத்து, இரண்டு வருடம் கழித்து அன்றைய இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லோடு சேர்த்துத் திறக்கப் பார்த்தால் சரியாகத் திறக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஸ்டேட்டிக் கோப்பில் தரவும் அதைக் காட்டும் நிரலும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

முத்திரை குத்துவதை மறக்காதீர்கள். டிபிடி_என்வ்_கஸ்டம்_என்வ்_ என்று தொடங்கும் எந்தச் சூழல் மாறியையும் டிபிடி தானாகவே மேனிஃபெஸ்டின் மெட்டாடேட்டா பகுதியில் எழுதிக்கொள்ளும். கமிட் எண்ணையும் டேகையும் அப்படிக் கொடுத்தால் கருவிகளுக்கு அது போதும். ஆனால் மனிதர் பார்க்கும் பக்கத்தில் அது தெரியாது. முகப்புப் பக்கத்தின் டாக்ஸ் தொகுதிக்குள் என்வ்_வார் போட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த அழைப்பு அங்கே வேலை செய்யாது. முகப்பு மார்க்டவுனில் ஓர் இடக்குறியை வைத்து, டாக்ஸ் ஓடுவதற்குச் சற்று முன் செட் (sed, உரையில் சொற்களை மாற்றும்) கட்டளையால் அந்த இடத்தில் டேகையும் தேதியையும் நிரப்புவதுதான் எளிய வழி. அச்செடுத்துக் கையில் வைத்திருப்பவருக்குக்கூட எந்தப் பதிப்பு என்று தெரியும்.

ஒப்பிடும் வேலைக்கு டிபிடியில் ஸ்டேட் மாடிஃபைட் என்ற தேர்வு முறை இருக்கிறது. பழைய மேனிஃபெஸ்ட் இருக்கும் கோப்புறையை --ஸ்டேட் மூலம் காட்டினால், மாறிய மாடல்களைப் பட்டியலிடும். ஆவணத்துக்காக இதை நம்பினால் ஏமாற்றம்தான்: விளக்கம் மட்டும் மாறியிருந்தால், பெர்சிஸ்ட்_டாக்ஸ் (இதைப் பற்றிப் பின்னால் வரும்) இயக்கியிருந்தாலொழிய, அதை மாற்றமாகவே இது எண்ணாது. அதனால் சொந்தமாக ஒரு சின்ன ஒப்பீடு எழுதிக்கொள்வதே மேல். ஜேக்யூ என்ற ஜேசன் கருவியைக் கொண்டு மேனிஃபெஸ்டின் நோட்ஸ் (nodes) பகுதியிலிருந்து மாடலின் பெயர், விளக்கம், ஒவ்வொரு புலத்தின் விளக்கம், மூல எஸ்க்யூஎல் ஆகிய நான்கை மட்டும் பிடுங்குங்கள். விசைகளை அகர வரிசைப்படுத்த பெரிய எஸ் ஃபிளாக் கொடுங்கள். இரண்டு வெளியீடுகளுக்கும் இப்படி எடுத்து டிஃப் போட்டால் நேர முத்திரைச் சத்தமெல்லாம் போய், உண்மையில் மாறியது மட்டும் நிற்கும். அந்த டிஃபை அப்படியே வெளியீட்டுக் குறிப்பாகப் போடலாம். எங்கள் கணிப்பில் இந்த ஒரு துண்டு நிரல், அழகான தளத்தைவிட அதிகப் பயன் தருவது.

மாடல் வெர்ஷன்ஸ் என்ற 1.5 வசதியை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது ஆவணத்தின் பதிப்பு அல்ல, மாடலின் பதிப்பு. யாம்லில் வெர்ஷன்ஸ் பட்டியலில் 1, 2 என்று கொடுத்து, இரண்டாவதற்கு _வி2 என்று முடியும் எஸ்க்யூஎல் கோப்பை எழுதினால், இரண்டு டேபிள்களும் வேர்ஹவுஸில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். எண் குறிப்பிடாத ரெஃப் (மற்றொரு மாடலைச் சுட்டும் அழைப்பு) லேட்டஸ்ட்_வெர்ஷனுக்குப் போகும். அதை நீங்கள் சொல்லாவிட்டால் பெரிய எண்ணுக்குப் போகும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சோதனைக்காக 2-ஐச் சேர்த்துவிட்டு லேட்டஸ்ட் 1 என்று எழுத மறந்தால், கீழேயுள்ள மாடல்கள் எல்லாம் அன்றிரவே 2-க்குத் தாவிவிடும். 1.6-இல் வந்த டெப்ரிகேஷன்_டேட் புலத்தில் பழையது போகும் தேதியைக் கொடுத்தால் ஓட்டத்தின்போது எச்சரிக்கை வரும். வெளியணிகள் நம்பியிருக்கும் மாடலில் ஒரு புலத்தை நீக்கும்போது இது அருமையான வசதி. மார்ச் மாத வரையறை என்ன என்ற கேள்விக்கு இது விடை தராது.

பெர்சிஸ்ட்_டாக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. திட்ட அமைப்பில் ரிலேஷன், காலம்ஸ் இரண்டையும் ட்ரூ என்று வைத்தால், விளக்கங்கள் வேர்ஹவுஸிலேயே கமென்டாக ஏறும். டிபிடி தளத்தைத் திறக்கவே திறக்காத ஆய்வாளர், எஸ்க்யூஎல் எழுதும் திரையிலேயே அதைப் படிப்பார். கமென்ட் ஏறுவது மாடல் ஓடும்போதுதான். டாக்ஸ் ஜெனரேட் ஓட்டினால் ஏறாது. எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு டாக்ஸை மட்டும் ஓட்டினால் தளத்தில் திருத்தமும் வேர்ஹவுஸில் பழைய பிழையும் நிற்கும். பிக்குவெரியில் புலத்தின் விளக்கம் 1,024 எழுத்துக்கு மேல் போகமுடியாது. ஆர்டர்ஸ்_ஸ்டேட்டஸ் போல அட்டவணையோடு எழுதும்போது இதை மனதில் வைக்கவேண்டும்.

வேர்ட், பிடிஎஃப் இரண்டும் டிபிடியில் கிடையாது. பிரவுசரில் அச்சிட்டால் திறந்திருக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் வரும். ஒப்பந்தப்படி வேர்ட் கோப்பு கொடுத்தே ஆகவேண்டிய இடங்களில், மேனிஃபெஸ்டைப் படித்து மார்க்டவுன் எழுதும் சின்ன பைத்தான் நிரல், அதன்பின் பேண்டாக் (ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) என்ற வழி நன்றாக நடக்கும். ரிசோர்ஸ் டைப் மாடலாக உள்ளவற்றை மட்டும் எடுங்கள். புலங்களின் வரிசைக்கும் வகைக்கும் கேட்டலாகைப் பாருங்கள், அதில் ஒவ்வொரு புலத்துக்கும் இண்டெக்ஸ் எண் இருக்கிறது. நிறுவன எழுத்துரு, தலைப்புப் பாணி எல்லாம் பேண்டாக்கின் --ரெஃபரன்ஸ்-டாக் வழியாகக் கொடுத்த மாதிரி வேர்ட் கோப்பிலிருந்து வரும். நிரல் உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: புல விளக்கங்களை அட்டவணையாக அடுக்கும்போது, ஏதாவது ஒரு விளக்கத்துக்குள் புதுவரியோ செங்குத்துக் கோடோ இருந்தால் மொத்த அட்டவணையும் சிதறிவிடும். ஆர்டர்ஸ்_ஸ்டேட்டஸ் விளக்கமே ஓர் அட்டவணை என்பதால் கட்டத்துக்குள் அடங்காது. அத்தகையவற்றைக் கண்டுபிடித்து, கட்டத்தில் "கீழே காண்க" என்று போட்டுவிட்டு, முழு விளக்கத்தை அட்டவணைக்கு அடியில் தனித் தலைப்பில் இறக்குங்கள்.

விளக்கங்களைத் தமிழில் எழுதுபவர்களுக்குத் தளத்தில் சிக்கலில்லை, கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். பிடிஎஃப் எடுக்கும்போதுதான் அடி விழும். பேண்டாக் பிடிஎஃப் எடுக்க இயல்பாகப் பயன்படுத்தும் பிடிஎஃப்லேட்டெக்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஸீலேட்டெக்ஸுக்கு மாறி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை மெயின்ஃபாண்ட்டாகக் கொடுத்து, எழுத்துரு விருப்பத்தில் ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் குறிப்பிடவேண்டும். அதை விட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும்.

வெளியிடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். மேனிஃபெஸ்டில் ஒவ்வொரு மாடலின் முழு எஸ்க்யூஎல்லும் இருக்கிறது. யாராவது அதில் வாடிக்கையாளர் எண்ணையோ விலை விதியையோ நேரடியாக எழுதியிருந்தால் அதுவும் வெளியே போகும். டாக்ஸ் ஷோ ஃபால்ஸ் என்று வைத்த மாடல் தளத்தில் தெரியாது, ஆனால் மேனிஃபெஸ்டில் அப்படியே கிடக்கும். அது ஒரு திரைச்சீலை, பூட்டு அல்ல. தனிப்பட்ட ரெப்போவிலிருந்து கிட்ஹப் பேஜஸில் போட்டால் தளமும் தனிப்பட்டதாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிட்ஹப் எண்டர்பிரைஸ் கிளவுடில் அணுகலைக் கட்டுப்படுத்தாதவரை அந்தத் தளம் உலகத்துக்கே திறந்திருக்கும்.

விளக்கமே எழுதாமல் வரும் மாடல்களைப் பிடிக்க இரண்டு கருவிகள் போதும். டிபிடி-செக்பாயிண்ட் ப்ரீ-கமிட் கொக்கியாக (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனையாக) ஓடி, விளக்கமில்லாத மாடலைக் கமிட் செய்யவிடாது. டிபிடி ப்ராஜெக்ட் எவால்யூவேட்டர் திட்டம் முழுவதற்கும் எத்தனை சதவீத மாடல்களுக்கு விளக்கம் இருக்கிறது என்று கணக்குக் காட்டும். இயல்பு இலக்கு 100. பழைய திட்டத்தில் முதல் நாளே அதை வைத்தால் எல்லோரும் "பிறகு எழுதவேண்டும்" என்று நிரப்பிவிட்டுப் போவார்கள், கருவியும் அதை ஏற்றுக்கொள்ளும். இப்போதுள்ள சதவீதத்தையே இலக்காக வைத்து, கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டிலும் சிறிது ஏற்றுங்கள். கொக்கியை, அந்தக் கமிட்டில் மாறிய கோப்புகளுக்கு மட்டும் ஓடவிடுங்கள்.